அப்பாவின் கான்டெசாவை என்ன செய்வது?

சிதம்பரத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவர் விட்டுச்சென்றவற்றில் ஒன்று, 1997இல் பதிவான கான்டெசா கிளாசிக். பெட்ரோல் வண்டி. வீட்டின் பக்கவாட்டில், மண் தரையில், தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. நான்கு வருடமாக யாரும் சாவி போடவில்லை. தம்பி, "காயலான் கடைக்குப் போட்டுவிடலாம், இடமாவது மிஞ்சும்" என்கிறார். அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறாராம். "டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். அப்பா கைப்பட எழுதிய பெட்ரோல் கணக்கு நோட்டு இருந்தது. படிக்க முடியாமல் மூடிவைத்துவிட்டேன். இந்த வண்டி இனி ஓடுமா சார்? ஓடவைக்கத்தான் வேண்டுமா?" என்று முடித்திருக்கிறார்.

ஓடும், சகோதரி. உங்களுடைய இரண்டாவது கேள்விதான் கடினமானது. அதற்கு வருவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1999இலிருந்து 2015 வரை நானும் ஒரு கான்டெசா வைத்திருந்தேன். அதனால் உங்கள் கடிதத்தை மெக்கானிக் கண்ணோடு மட்டும் என்னால் படிக்க முடியவில்லை.

அந்த வண்டியின் கதவைச் சாத்தும்போது வரும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கனமான மரப்பெட்டியை மூடியதுபோல ஒரே ஒரு 'தொப்'. நான்கரை மீட்டருக்கு மேல் நீளம். பின் சீட்டில் என் இரண்டு பிள்ளைகளும் அவர்களுடைய பாட்டியும் உட்கார்ந்த பிறகும் நடுவில் சோற்றுத் தூக்கு வைக்க இடம் இருக்கும். மார்கழித் திருவாதிரைக்கு விடியற்காலை மூன்று மணிக்குச் சிதம்பரத்துக்குக் கிளம்புவோம். முதுநகர் தாண்டி, சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று பனிக்குள் போகும். மேட்டிலும் பள்ளத்திலும் அந்த வண்டி குதிக்காது, படகுபோல ஏறி இறங்கும். வெள்ளாறு தாண்டும்வரை பிள்ளைகள் கண்ணைத் திறக்கமாட்டார்கள். தேரோடும் நான்கு வீதிக்குள்ளும் அன்றைக்கு வண்டிக்கு வழி கிடையாது. ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தே போய்த் தரிசனம் செய்துவிட்டுத் திரும்பி வந்து, டிக்கியைத் திறந்துவைத்து அதன் விளிம்பில் உட்கார்ந்துதான் களி சாப்பிடுவோம். லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு நல்ல நாள். ஆனாலும் அதை விற்றுவிட்டுச் சின்ன வண்டி வாங்கலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை.

உங்கள் அப்பாவும் இப்படித்தான் எங்காவது ஒரு சாலையோரத்தில் டிக்கியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். அந்த நினைவை வைத்துக்கொண்டு முடிவெடுப்பதில் தவறே இல்லை. முடிவெடுத்த பிறகு செய்யும் வேலையை மட்டும் நினைவின் கையில் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கையில் இருப்பது என்ன வண்டி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உதிரிபாகம் தேடும்போது இது பணத்தை மிச்சப்படுத்தும். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் கான்டெசாவைக் கொண்டுவந்தது. உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் வகை. தொடக்கத்தில் போட்ட இஞ்சினோ அம்பாசிடரில் இருந்த அதே பழைய ஒன்றரை லிட்டர். அவ்வளவு பெரிய உடம்பை அது மூச்சுவாங்கித்தான் இழுத்தது. 1980களின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுசு நிறுவனத்து 1.8 லிட்டர் இஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. அப்போதுதான் அது முழு வண்டியானது. பிறகு 2 லிட்டர் டீசலும் வந்தது. 2002இல் தயாரிப்பு நின்றுபோனது.

உங்களுடையது 1997 பெட்ரோல் என்பதால் இசுசு 1.8 ஆகத்தான் இருக்கும். இது உங்கள் அதிர்ஷ்டம். 1990களில் அம்பாசிடரிலும் இதே இஞ்சினைப் போட்டார்கள். அம்பாசிடர் 2014 வரை வந்துகொண்டிருந்தது. ஆகவே பிஸ்டன் ரிங், கேஸ்கட், வாட்டர் பம்ப், கிளட்ச் தட்டு போன்றவற்றைக் கடையில் கேட்கும்போது, "அம்பாசிடர் 1800 இசுசு" என்று கேளுங்கள். "கான்டெசாவுக்கு" என்று கேட்டால் கடைக்காரர் தலையை ஆட்டி இல்லை என்றுவிடுவார். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியதாகவும், புதுப்பேட்டையில் கழற்றியதாகவும் கிடைக்கும். ஆனால் முன் கண்ணாடி, பம்பர், பின் விளக்கு, கதவு ரப்பர் போன்ற உடம்புச் சாமான்கள் அம்பாசிடரோடு ஒத்துப்போகாது. அவற்றைக் கண்ட இடத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் என் வண்டியின் பானெட் மேல் வேப்பங்கிளை முறிந்து விழுந்தது. மாற்று பானெட்டுக்காகப் புதுப்பேட்டைக்கு மூன்று நடை அலைந்தேன்.

இப்படி வாரிசு இஞ்சின் இல்லாமல் அநாதையாகிப்போன வண்டிகளும் உண்டு. சென்னைக்கு அருகே வண்டலூரில் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு கார் செய்தார்கள். இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி. 1 காரின் அழகான உடம்பு, அதற்குள் பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு வழிவந்த 2 லிட்டர் இஞ்சின். சில வருடங்களிலேயே நின்றுவிட்டது. அதை இன்று ஓடவைத்திருப்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஒரு கீல் வேண்டுமென்றாலும் லேத்தில் கொடுத்துத்தான் கடைந்து வாங்க வேண்டும். உங்களுக்கு அந்தப் பாடு இல்லை.

இப்போது அந்தக் கடினமான கேள்வி. வீட்டில் யார் ஓட்டப்போகிறார்கள்? வாரத்துக்கு ஒரு முறை, இஞ்சின் முழுச் சூடாகும்படி இருபது கிலோமீட்டராவது ஓட்ட ஒருவர் வேண்டும். நீங்களோ தம்பியோ அதற்குத் தயார் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் இல்லை என்றால், எவ்வளவு செலவு செய்து தயார்செய்தாலும் ஒரே வருடத்தில் இதே கொட்டகையில் இதே நிலையில் நிற்கும். அதைவிட ஓட்டக்கூடிய ஒருவர் கையில் கொடுப்பது நல்லது. நம் பக்கத்தில் ஓட்டத்தால் தேய்ந்து செத்த கான்டெசாக்களைவிட, நின்று நின்றே செத்தவைதான் அதிகம் என்பது நான் பார்த்த உண்மை.

அதற்குக் காரணம் நம் காற்று. கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை, கிள்ளை வரை கரையோரம் முழுக்க உப்புக்காற்று. சிதம்பரம் சற்று உள்ளே இருந்தாலும் தப்பவில்லை. கோயம்புத்தூரில் முப்பது வருடம் நின்ற வண்டியும் நம் ஊரில் பத்து வருடம் நின்ற வண்டியும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், அடியில் குனிந்து பார்க்கும்வரை. ஆகவே மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் டிங்கரிங் வேலை தெரிந்த ஒருவரை அழையுங்கள். ஒரு காந்தத்தையும் ஒரு ஸ்குரூடிரைவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். கதவுகளின் கீழ் ஓரம், பின் மட்கார்டு வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் நீளமான சட்டம் ஆகியவற்றில் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு போய்ப் பட்டி மட்டும் இருக்கிறது. பிறகு கால்மிதியைத் தூக்கி, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழியையும் திறந்து, ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். 'டங்' என்றால் தகடு இருக்கிறது. 'பொத்' என்றால் இல்லை. தரைத்தகட்டில் அங்கங்கே ஓட்டை என்றால் வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம், பயப்பட வேண்டாம். முன் சஸ்பென்ஷனும் பின் ஆக்ஸிலின் தாங்கு கைகளும் உடம்போடு சேரும் இடங்கள் அரித்துப்போயிருந்தால் மட்டும் நானே உங்களை வேண்டாம் என்று தடுப்பேன். அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றக் கூடாது.

அடிப்பகுதியைக் கழுவச் சொல்வார்கள். நல்ல யோசனைதான். எந்தத் தண்ணீரில் என்பதைக் கேட்பவர்கள் குறைவு. உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், அதில் கழுவுவது காற்று பத்து நாளில் செய்வதை ஒரே நாளில் செய்துமுடிக்கும். வாயில் விட்டுப் பாருங்கள். கரித்தால் மழைநீரோ குடிநீரோ இரண்டு குடம் போதும், அதனால் அலசிவிடுங்கள். ரேடியேட்டருக்கும் இதே பேச்சுத்தான். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே பாறைபோல உப்புப் படிந்த ரேடியேட்டர்களை வெட்டிப் பார்த்திருக்கிறேன். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள்.

பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறீர்களா? கடிதத்தில் சொல்லவில்லை. மூடியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். மண் தரையிலிருந்து எழும் ஈரத்தை அது உள்ளேயே பிடித்துவைக்கும். பருத்தித் துணி உறை போதும். தரைக்குச் செங்கல் பரப்பினாலே பாதி ஈரம் குறையும்.

இனி இஞ்சின். இங்கே என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2015 நவம்பரில் கடலூரில் பெய்த மழையை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். எங்கள் தெருவில் இரவோடு இரவாகத் தண்ணீர் ஏறியது. காலையில் பார்த்தால் கான்டெசாவின் சீட்டு வரைக்கும் முங்கி நின்றது. தண்ணீர் வடிந்த மறுநாளே, பொறுக்கமாட்டாமல், புது பேட்டரியை வைத்துச் செல்ஃப் அடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. முட்டிக்கொண்டு கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. பிளக்கைக் கழற்றியிருந்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியே பீய்ச்சி வெளியேறியிருக்கும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாததால் பதினாறு வருட வண்டியை, இஞ்சின் இறங்கிய நிலையில், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்தேன். லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது என் மகள் வாசலுக்கு வரவில்லை.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். யாராவது பக்கத்து வீட்டுக்காரர் ஜம்பர் வயரோடு வந்து, "ஒரு தடவை அடிச்சுப் பாப்போம்" என்றால் விடாதீர்கள். நான்கு வருடம் நின்ற இஞ்சினை எழுப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா பாருங்கள், வயர்களைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு தேக்கரண்டி இஞ்சின் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிடுங்கள். மறுநாள் முன்புறக் கப்பியின் நட்டில் ஸ்பேனர் போட்டு, இஞ்சின் சுற்றும் திசையில் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இறுகியிருந்தால் பலம் காட்டாமல் மேலும் ஆயில் விட்டு இரண்டு நாள் பொறுங்கள். பழைய இஞ்சின் ஆயிலை இறக்கிப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது, மேலே போகாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நன்றாக இருந்தால் புது ஆயில், புது ஃபில்டர். காயிலிலிருந்து வரும் நடு வயரைக் கழற்றி நன்றாக எர்த்தில் மாட்டிவிட்டு, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும்வரை சுற்றுங்கள். அந்த நேரத்தில் பெட்ரோலைப் பக்கத்தில் வைக்காதீர்கள். விளக்கு அணைந்த பிறகுதான் பிளக் மாட்டும் வேலை.

டேங்கில் கிடக்கும் பெட்ரோலை ஒரு சொட்டுகூட இஞ்சினுக்கு அனுப்பாதீர்கள். கெட்டுப்போய்ப் பிசினாகியிருக்கும். டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டும். இன்றைக்குப் பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. 1997இல் போட்ட ரப்பர் குழாய்களும், பெட்ரோல் பம்ப்பின் உதரவிதானத் தகடும், கார்பரேட்டர் கேஸ்கட்டுகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வீங்கும், வெடிக்கும், பிறகு சூடான இஞ்சின் மேல் சொட்டும். தீப்பிடிப்பது இப்படித்தான். எத்தனால் தாங்கும் ரப்பர் குழாய் என்று கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை முழுவதையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே டேங்க் நிறைய ஊற்றி மாதக்கணக்கில் நிறுத்தாமல், ஓட்டுகிற அளவுக்குப் போடுங்கள்.

பிரேக்கைப் பற்றி நான் பேரம் பேசமாட்டேன். மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், பிரேக் ஆயில் எல்லாம் புதிதாக வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும் பொருள், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். அந்த வேலை முடியும்வரை, பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். டயரில் கோடு தேயாமல் புதிதுபோலத் தெரியும், நம்பாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அது டயர் இல்லை, காய்ந்த ரப்பர்.

பெயிண்ட்? கடைசியில். நம் ஊரில் எல்லோரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். பளபளவென்று சாயம் அடித்து, சீட்டுக்குப் புது உறை தைத்து, பணம் தீர்ந்த பிறகு பிரேக்கைப் பார்க்கிறார்கள். ஏ.சி.யும் அப்படித்தான். பழைய வகை வாயுவுக்காகப் பொருத்தியதாக இருந்தால் குழாயும் சீலும் மாற்றி இன்றைய வாயுவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அது அடுத்த வருடச் செலவாக இருக்கட்டும்.

மெக்கானிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது கடையின் பலகையைப் பார்க்காமல் அவருடைய வயதைப் பாருங்கள். அம்பாசிடர் டாக்சி காலத்தில் கார்பரேட்டரைப் பிரித்து மேய்ந்தவர்கள் இன்னும் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். ஐம்பத்தைந்து, அறுபது வயதுக்காரர்கள். காதை இஞ்சினிடம் கொடுத்தே ஜெட் அடைத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கும் இந்த வண்டி பிடிக்கும். கூலியைப் பேசி ஒத்துக்கொண்டு, சாமான்களை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கழற்றிய பழைய சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அவற்றை அளவாக வைத்துத்தான் அடுத்த முறை தேட முடியும்.

காகித வேலையை வண்டி வேலையோடு சேர்த்தே தொடங்குங்கள், இல்லையென்றால் ஓடும் வண்டி சாலையில் இறங்க முடியாமல் நிற்கும். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். விதிப்படி இது சில மாதங்களுக்குள் செய்ய வேண்டிய காரியம், தாமதத்துக்குக் கட்டணம் கேட்பார்கள். பதிவு முதல் 15 வருடத்துக்கு. அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் படிவம் 25இல் புதுப்பிக்க வேண்டும். அப்பா ஒழுங்காகப் புதுப்பித்திருந்தால் 2012, 2017, 2022 என்று கணக்கு வரும். எது விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள், விடுபட்ட மாதங்களுக்கு அபராதம் சேரும். கார் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக உயர்த்தினார்கள். பசுமை வரியும் உண்டு. பழைய புத்தக வடிவ ஆர்.சி. என்றால், வாஹன் தளத்தில் உங்கள் எண் ஏறியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஏறவில்லையென்றால் அதைப் பதிவேற்றச் சொல்வதுதான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உங்கள் முதல் வேலை. டெல்லியில் பழைய வண்டிகளைப் பிடிக்கிறார்களே என்று தம்பி சொல்லக்கூடும். அந்த 15 வருடத் தடை தலைநகர் வட்டாரத்துக்கானது, நமக்கு இல்லை.

அடியில் பார்த்துவிட்டு டிங்கர் கையை விரித்துவிட்டால், அப்போதும் காயலான் கடை வேண்டாம். அங்கே கொடுத்தால் வண்டி போகும், ஆர்.சி. உங்கள் குடும்பத்தின் மேலேயே நிற்கும். அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, பதிவை ரத்துசெய்யுங்கள். புது வண்டி வாங்கும்போது அந்தச் சான்றிதழுக்கு வரிச்சலுகை உண்டு. அதற்கு முன்னால் இன்னொரு கான்டெசாக்காரருக்குச் சொல்லியனுப்புங்கள். உங்கள் பின் விளக்கும் கண்ணாடியும் அவருடைய வண்டியில் ஓடட்டும்.

அந்த நோட்டு. அதைத் திறப்பதற்கு உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டியிருக்கலாம். அவசரப்படுத்தவில்லை. ஆனால் நம் ஊர் ஈரத்தில் மை பரவிவிடும், ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்துவைத்துவிடுங்கள், படிக்காமலே எடுக்கலாம். பேராசிரியர் என்கிறீர்கள், பெட்ரோலோடு ஆயில் மாற்றிய தேதியும் பெல்ட் மாற்றிய தேதியும் எழுதியிருப்பார். உங்கள் மெக்கானிக்குக் கிடைக்கக்கூடிய ஒரே நோயாளிக் குறிப்பு அதுதான். அம்மாவிடம் கேளுங்கள், எந்த வருடம் வண்டி எங்கே நின்றது, எந்தப் பயணத்தில் சூடானது என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர் அவர்.

எல்லாம் முடிந்து முதல் நாள் ஓட்டும்போது கடலூருக்குக் கிளம்பிவிடாதீர்கள். போக்குவரத்து குறைந்த காலை நேரமாக, ஆறு மணிக்கு, டிக்கியில் ஐந்து லிட்டர் தண்ணீரோடு வெள்ளாற்றுப் பாலம் வரை மட்டும் போங்கள். நாற்பதுக்கு மேல் வேண்டாம். வெப்பமானி முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். பாலம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி இறங்கி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்குப் பக்கத்திலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆறவிட்டு மெதுவாகத் திரும்பிவிடுங்கள். குனிந்து கீழே ஏதாவது சொட்டுகிறதா என்றும் பாருங்கள். நான்கும் ஒரே சூட்டில் இருந்து, தரையும் காய்ந்திருந்தால், அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுச்சத்திரம் வரை போகலாம்.